பரீட்சைக்கு மட்டுமல்ல, பேசுவதற்கும் சொல்லிக்கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சேலத்தில் ஐந்து ரோடு, அஸ்தம்பட்டி பக்கம் போனால் ஜெர்மன் வகுப்பு, ஜப்பான் மொழி வகுப்பு என்று போர்டுகள் கண்ணில் படுகின்றன. நர்சிங் முடித்த பிள்ளைகள் ஆர்வமாகச் சேர்கிறார்கள். சந்தோஷம்தான். ஜெர்மனியில் நர்ஸாக அங்கீகாரம் பெற பொதுவாக ஜெர்மன் மொழியில் பி2 நிலை, அதாவது ஆறு படிகளில் நான்காவது படி, வேண்டும். ஜப்பான் 2019 ஏப்ரலில் கொண்டுவந்த திறன் தொழிலாளர் விசாவில் முதியோர் பராமரிப்புக்குப் போவதென்றால் என்4 எனப்படும் அடிப்படை ஜப்பானிய மொழி அளவுத் தேர்வோடு, அந்தப் பணிக்கென்றே ஒரு மொழித் தேர்வும் எழுத வேண்டும். வகுப்புகள் இந்தத் தேர்வுகளைக் குறிவைத்தே நடக்கின்றன. போன இடத்தில் ஒருவர் பேசும்போது எப்படிக் கேட்பது, முடியாது என்பதை எப்படிச் சொல்வது என்றெல்லாம் யாரும் சொல்லித்தருவதாகத் தெரியவில்லை. இங்கே ஒரு படுக்கை விரிப்பு ஏற்றுமதி நிறுவனத்தில் இரண்டு நாட்டு வாடிக்கையாளர்களோடும் பேசுவதையே வேலையாகச் செய்து ஓய்வு பெற்றவள் நான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

ஜப்பானியர் நாம் பேசும்போது சும்மா இருக்கமாட்டார். 'ஹை' (ஆமாம்), 'ஸோ தெஸ் நே' (அப்படித்தான்) என்று இடையிடையே தலையசைத்துச் சொல்லிக்கொண்டே இருப்பார். பாட்டி கதை சொல்லும்போது பிள்ளைகள் உம் கொட்டுமே, அதே மாதிரி. ஆனால் 'ஹை' என்றதும் ஒப்புக்கொண்டுவிட்டார் என்று நினைக்கக் கூடாது. பல நேரம் 'கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்பதோடு சரி. இதை நம்பி நூல் வாங்கிப் போட்டு நஷ்டப்பட்டவர்கள் இந்த ஊரில் உண்டு. ஜெர்மானியரோ பெரும்பாலும் நம் கண்ணைப் பார்த்தபடி அமைதியாகக் கேட்பார். நாம் நடுவில் அடிக்கடி உம் கொட்டினால், பேச்சை நிறுத்தி 'ஏதாவது சொல்ல வேண்டுமா?' என்று கேட்டவர்களும் உண்டு. நாம் சரி என்பதற்குத் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவதும் அவர்களுக்குப் புரியாது. மருந்தின் அளவைச் சொல்லிவிட்டு மூத்த நர்ஸ் காத்திருக்கும்போது, வாயைத் திறந்து 'யா' (ஆமாம்) என்று சொல்லி அளவையும் திருப்பிச் சொல்ல நம் பிள்ளைகள் பழக வேண்டும்.

இரு தரப்பு விருந்தினரையும் ஏற்காட்டுக்கு அழைத்துப் போயிருக்கிறேன். 20 கொண்டை ஊசி வளைவுகள். ஜெர்மன்காரர் பாதி வழியிலேயே, "வண்டியை நிறுத்துங்கள், குமட்டுகிறது. இனி மெதுவாகப் போகச் சொல்லுங்கள்" என்றார். நிறுத்தினோம், காற்று வாங்கினார், கிளம்பினோம். டிரைவர் மேல் அவருக்கு வருத்தம் எதுவும் இல்லை. வேறொரு முறை வந்த ஜப்பான்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது, கைக்குட்டை வாயை விட்டு இறங்கவில்லை. கேட்டால் 'தைஜோபு, தைஜோபு', ஒன்றுமில்லை என்கிறார். நாங்களாக நிறுத்திய பிறகுதான் இறங்கினார். இறங்கியதும் சிரமம் கொடுத்ததற்கு எங்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

ஜப்பானில் முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போகும் நம் பெண் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டாமா? வலிக்கிறதா என்று கேட்டு, 'ஒன்றுமில்லை' என்ற பதிலோடு அவள் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டால், அந்தத் தாத்தா இரவெல்லாம் வலியோடு கிடப்பார். நெற்றிச் சுருக்கத்தையும், போர்வையைப் பிடித்திருக்கும் கையையும் பார்க்கத் தெரிய வேண்டும். எந்தத் தேர்வில் இதற்கு மதிப்பெண் போடுகிறார்கள்?

மறுப்பும் அப்படித்தான். ஜப்பானியர் 'அது கொஞ்சம்...' என்று இழுத்து நிறுத்திவிட்டால் முடியாது என்று பொருள். சீட்டு சேரக் கூப்பிட்டால் நாம் 'பார்க்கலாம்ங்க' என்று சொல்லித் தப்பிப்பது இல்லையா, நம் பிள்ளைகளுக்கு இது சீக்கிரம் பிடிபடும். கஷ்டம் ஜெர்மனியில்தான். அங்கே 'பார்க்கலாம்' என்றால் எந்தத் தேதியில் என்று கேட்பார்கள். குறையையும் சுற்றி வளைக்காமல் சொல்வார்கள். எங்கள் ஆலைக்கு வந்த ஜெர்மன் வாடிக்கையாளர் ஒருவர் விரிப்பின் மேல் அளவு நாடாவை வைத்து, "தையல் கோணல். இந்த லாட் முழுவதும் வேண்டாம்" என்றார். தையல் பிரிவு மேற்பார்வையாளர் அம்மா பாத்ரூமில் போய் அழுதார். அன்று மாலை அதே மனிதர் அந்த அம்மாவிடம் அவருடைய மகளின் படிப்பைப் பற்றி உட்கார்ந்து விசாரித்துக்கொண்டிருந்தார். அவர் குறை சொன்னது தையலை. அந்த அம்மாவை அல்ல. முதல் மாதமே இது புரியாமல், அவமானப்பட்டதாக நினைத்து வேலையை விட்டு ஊர் திரும்பினால் கடன் வாங்கி அனுப்பிய அப்பா என்ன செய்வார்?

எல்லோரும் ஒரே மாதிரி என்று சொல்லவில்லை. ஒசாகாக்காரர்கள் டோக்கியோக்காரர்களைவிடக் கலகலப்பானவர்கள் என்று ஜப்பானியர்களே சொல்வார்கள். ஆனாலும் போன் எடுத்ததும் ஜெர்மானியர் தன் குடும்பப் பெயரைச் சொல்வார், ஜப்பான் அலுவலகத்தில் வாடிக்கையாளர் வைத்த பிறகே ரிசீவரை வைப்பார்கள் என்பது போன்ற விஷயங்களை முன்கூட்டியே அறிந்தால் நம் பிள்ளைகளின் பயம் பாதியாகும்.

மொழி மையங்கள் வாரத்தில் ஒரு வகுப்பையாவது இதற்கு ஒதுக்க வேண்டும். பொங்கலுக்கு லீவில் ஊருக்கு வரும் நர்ஸுகளையும் பராமரிப்பாளர்களையும் அழைத்து, வார்டில் நடப்பதை நடித்தே காட்டச் சொல்லலாம். பணம் கட்டும் பெற்றோரும் சேர்க்கும்போதே இதைக் கேட்டு வாங்க வேண்டும். நம் மாவட்டத்தில் எந்த மையமாவது இப்படி ஒரு வகுப்பு தொடங்கினால், கட்டணம் எதுவும் வாங்காமல் வந்து பேச நான் தயார்.

இப்படிக்கு,
ஏற்றுமதிப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற வாசகி,
அஸ்தம்பட்டி, சேலம்.