நம் நாடக மன்றத்தின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும், வந்திருக்கிற அண்ணன்மார், ஆச்சிமார், தம்பி தங்கைகள் எல்லோருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் இந்த ஆண்டு தடையில்லாமல் நடந்தன. கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு நடிப்புப் பயிற்சி கொடுத்தோம். 1922-இல் புதுச்சேரியில் மறைந்த நாடகத் தந்தை சங்கரதாஸ் சுவாமிகளின் நினைவு நாளில் அவர் பாடல்களைப் பாடினோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். தணிக்கை முடிந்த பிரதி உங்கள் கையில் இருக்கிறது. மீதி நேரத்தை நம் புது நாடகத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். அதிலும் மேடையில் முகம் காட்டாதவர்களைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

கதை உங்களுக்குத் தெரியும். பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போன ஒருவர், மூன்று வருஷக் கணக்கு (அங்கே வேலை பார்க்கும் தவணை) முடிந்து வருவார் என்று வாசலைப் பார்த்திருந்த ஆச்சி, 1942-இல் ரங்கூன் ஜப்பான்காரர் கைக்குப் போனபோது அசாம் பக்கம் காடும் மலையுமாக நடந்த கூட்டம். இதை மண்டபத்தில் போடாமல் பழைய வீட்டு வளவிலேயே (உள்முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்) போட வேண்டும் என்று வாத்தியார் (நம் இயக்குநரை அப்படித்தான் கூப்பிடுகிறோம்) பிடிவாதமாக இருந்தார். வீட்டுக்காரர் பெரிய மனதோடு சம்மதித்தார். ஒரே நிபந்தனை: எங்கேயும் ஆணி அடிக்கக் கூடாது, தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் பசை படக் கூடாது. நியாயமான நிபந்தனை. அந்தத் தேக்குத் தூண்கள் நாம் கதை சொல்கிற அதே பர்மாவிலிருந்து கப்பலில் வந்தவை.

ஆணி இல்லாமல் கப்பல் தளம் கட்டியவர் நம் ஆசாரி அண்ணன். பலகைகளைப் பொருத்தி ஆப்பு வைத்து இறுக்கினார். சாய்வு வராமல் அடியில் மணல் மூட்டை அடுக்கினார். தூணில் கயிறு கட்டும் இடமெல்லாம் முதலில் பழைய வேட்டியைச் சுற்றினார். ஏவி.எம். ஸ்டுடியோ சென்னைக்குப் போவதற்கு முன், 1940-களில், காரைக்குடியில்தான் இருந்தது. செட் போடுவது இந்த ஊருக்குப் புதிய வேலை இல்லை. இவர் கையைப் பார்த்தபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

படுதா (மேடையின் பின்திரை) எழுதிய பெரியவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். திருவிழா மேடைகளில் ஸ்பெஷல் நாடகத்துக்கு அரண்மனையும் காடும் தெருவும் எழுதியவர். இப்போது எல்லாம் ஃப்ளெக்ஸ் ஆகிவிட்டதால் பல வருஷமாகத் தூரிகை தொடவில்லை. காலண்டர் ஓவியங்களால் வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்த கோவில்பட்டி கொண்டையராஜுவும் நாடகக் கம்பெனிக்குத் திரை எழுதியவர்தான் என்று பெருமையாகச் சொன்னார். காடாத் துணியை இழுத்துக் கட்டி, வஜ்ஜிரப் பசை காய்ச்சி, பொடி வண்ணத்தை அதில் குழைத்தார். ஈரத்தில் அழுத்தமாகத் தெரியும் நிறம் காய்ந்தால் வெளுத்துவிடும். அதனால் ஒவ்வொரு கலவையையும் துணி ஓரத்தில் ஒரு துளி வைத்து, காயும் வரை காத்திருந்து, அப்புறம்தான் பெரிய தூரிகையை எடுத்தார். ரங்கூன் துறைமுகம் எழுந்து வந்தது அப்படித்தான். எந்த அச்சு இயந்திரமும் அந்த மாலை வானத்தைத் தராது என்பது என் உறுதியான எண்ணம்.

விளக்குக்கு வந்த தம்பி கல்யாண வீடுகளுக்கு சீரியல் செட் (அலங்காரச் சரவிளக்கு) போடுகிறவர். நாடகம் அவருக்கு இதுவே முதல் தடவை. ஒத்திகையில் இரவுக் காட்சிக்கு முழு நீலம் போட்டோம். ஆச்சி கட்டியிருந்த அரக்குச் சிவப்புக் கண்டாங்கி அப்படியே கறுப்பாகிப் போனது. நீல ஒளியில் சிவப்பு இல்லை, சேலை எதைத் திருப்பித் தரும்? தம்பி மறுநாளே நீலத்தைக் குறைத்து, வளவை ஒட்டிய பட்டாலைக் கூடத்துப் பக்கமிருந்து மெல்லிய மஞ்சள் ஒன்றைச் சாய்வாக விட்டார். சேலைக்கு உயிர் வந்தது. உள்ளே ஒரு விளக்கு எரிகிறது, யாரோ விழித்திருக்கிறார்கள் என்ற உணர்வும் கூடவே வந்தது.

ஒலிதான் எங்களை வாட்டியது. சுண்ணாம்புச் சாந்து பூசிய வழுவழுப்பான சுவர், கல் தரை. கை தட்டினால் நாலு தட்டு கேட்கும். ஜமுக்காளமும் பாயும் விரித்தோம். பின்வரிசைக்காக வைத்த ஸ்பீக்கரில் குரல் முந்திக்கொண்டு வந்தது, மேடைக் குரல் பிந்தி வந்தது. ஒலி ஒரு மீட்டர் போக ஏறக்குறைய 3 மில்லி விநாடி ஆகும். தூரத்தை நாடாவால் அளந்து, பின் ஸ்பீக்கரை 60 மில்லி விநாடி தாமதப்படுத்தினார் ஒலிக்காரர். அதன் பிறகு ஆச்சியின் முனகல்கூடக் கடைசிப் பாய் வரை தெளிவாகப் போனது.

தையல்கார அண்ணன் கொசுவம் மடித்துத் தைத்த சேலைகளால் உடை மாற்றம் நிமிடத்தில் முடிந்தது. ஒப்பனை, கொட்டான் (ஓலைக் கூடை), மங்குச் சாமான் (எனாமல் பாத்திரம்) என்று பொருள் சேகரித்த ஆச்சிமார்களுக்கும் நன்றி.

முதல் நாள் இரவு, காட்டுவழிக் காட்சியில் மின்சாரம் போனது. வாடகைக்கு எடுத்திருந்த ஜெனரேட்டரும் ஓடவில்லை. குறிப்பு நோட்டோடு ஓரமாக நின்று ஒவ்வொரு விளக்குக்கும் பாட்டுக்கும் சைகை கொடுத்துக்கொண்டிருந்த கல்லூரி மாணவி, நம் மேடை மேலாளர், ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "நிறுத்தாதீங்க, நடிங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, சமையற்கட்டிலிருந்து இரண்டு பெட்ரோமாக்ஸை வரவழைத்துத் தூணுக்குப் பின்னால் வைத்தார். நடந்து போகிறவர்களின் நிழல் சுவரெல்லாம் ஏறியது. சபையில் மூச்சுச் சத்தம் இல்லை. மின்சாரம் இருந்தும் இரண்டாம் நாள் அந்தக் காட்சியை பெட்ரோமாக்ஸிலேயே போடச் சொன்னார் வாத்தியார்.

இத்தனை பேர் உழைத்த நாடகத்தின் நோட்டீஸில் நடிகர்களின் படமும் பெயரும் மட்டுமே இருந்தன. அந்த வாசகத்தை எழுதியவன் நான். தவறு என்னுடையது, சபை முன் வருத்தம் தெரிவிக்கிறேன். நாடகம் முடிந்து மாலை போட்டபோதும் இவர்களை மேடைக்கு அழைக்கவில்லை. அவர்கள் படுதாவைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே பொதுக்குழுவின் முன் மூன்று கோரிக்கைகள் வைக்கிறேன். இனி நோட்டீஸில் திரைக்குப் பின்னால் உள்ள எல்லோர் பெயரும் அதே அளவு எழுத்தில் வர வேண்டும். அவர்களுக்கான கூலி நாடகம் முடிந்த அன்று இரவே கொடுபட வேண்டும். செயற்குழுவில் அவர்கள் சார்பில் ஒருவர் இருக்க வேண்டும். மேடை மேலாளராக இருந்த தங்கையின் பெயரை முன்மொழிகிறேன்.

இன்னொரு அவசரம். ரங்கூன் படுதாவை மடிக்கக் கூடாது, மடித்தால் வண்ணம் வெடித்து உதிரும். மூங்கிலில் சுருட்டி, கரையானும் ஈரமும் இல்லாத இடத்தில் வைக்க வேண்டும். வீட்டின் இரண்டாங்கட்டில் (பின்பகுதியில்) அப்படி ஓர் அறை சும்மா இருக்கிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள். மழைக்கு முன் கொண்டுபோய் வைத்துவிடலாம்.

இவண்,
செயலாளர்