24 எண்கள் அனுப்பு

அன்புள்ள ரகு,

உன் கடிதம் வந்து ஏழு மாதமாகிறது. திட்டு, ஆனால் மூர்த்தி முன்னால் திட்டாதே. அவன் அதை ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவான். இங்கே எல்லோரும் நலம். என் முட்டிவலி அப்படியே இருக்கிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் சின்னவள் புவியியல் புத்தகத்தோடு வந்தாள். மிகக் குளிர்ந்த மாதத்தின் சராசரிகூட 18 டிகிரிக்குக் குறையாமல் இருந்தால்தான் வெப்பமண்டலக் காலநிலையாம். "ஏன் 18? 17 ஆனால் என்ன கெட்டுப்போகும்?" என்றாள். நாம் வெப்பமண்டலம் ஏ, வறண்டது பி, மிதவெப்பம் சி, கடுங்குளிர் டி, துருவம் ஈ என்ற அந்தக் காலநிலை வரிசையைப் பெஞ்சு மேல் நின்றே மனப்பாடம் செய்தவர்கள். ('டி' வந்ததும் நீ செய்த காரியத்தை நான் மறக்கவில்லை.) ஏன் 18 என்று நம் இரண்டு பேருக்கும் கேட்கத் தோன்றவே இல்லையே! "அது அப்படித்தான்" என்று அவளை அனுப்பிவிட்டேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

தேடிப் பார்த்தால், விடை செடிகளிடம் இருக்கிறது. அந்த வரிசையை வகுத்த விளாடிமிர் கோப்பன் 1846-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தவர், தாவரவியல் படித்தவர். அங்கிருந்து கிரிமியாவுக்கும் திரும்பவும் போய் வரும் வழியெல்லாம் காடும் புல்வெளியும் மாறுவதைப் பார்த்திருக்கிறார். மழைமானி ஊருக்கு ஊர் இல்லாத காலம். மரமும் புல்லும்தான் வருஷம் முழுக்க நின்று குறிப்பெடுக்கும் கருவிகள் என்று பிடித்துக்கொண்டார். ஓர் இடத்தில் எது வளர்கிறது என்று பார்த்து, அந்த எல்லைக்குப் பொருந்துகிற எண்ணைத் தேடினார். வருஷம் முழுக்க வெப்பம் கேட்கிற செடிகளின் எல்லைக்குப் பொருந்தியது 18. மிக வெப்பமான மாதம்கூட 10 டிகிரியைத் தொடாத இடத்தில் மரம் காடாக வளர்வதில்லை. ஆகவே 10-க்குக் கீழே 'ஈ', துருவக் காலநிலை. நம் ஆட்கள் நிலத்துக்குப் பூவின் பெயரையே வைத்துவிட்டார்கள் என்று நீ ஆரம்பிப்பாய், தெரியும். ஒப்புக்கொள்கிறேன். எண் மட்டும் அவருடையது.

'பி' தான் என்னைக் கவிழ்த்தது. மற்ற நான்கையும் வெப்பநிலையை வைத்துப் பிரித்தவர், வறட்சிக்கு மட்டும் வேறு கணக்குப் போட்டார். இத்தனை மில்லிமீட்டருக்குக் கீழே போனால் பாலை என்று ஒரே கோடு போட முடியாது. பெய்கிற மழையில் எவ்வளவு ஆவியாகப் போகிறது என்பதும் வேண்டுமே. இன்று புழங்குகிற சூத்திரம் இதுதான்: ஆண்டுச் சராசரி வெப்பநிலையை 20-ஆல் பெருக்கு. மழையில் 70 சதவீதமோ மேலோ வெயில்கால ஆறு மாதத்தில் பெய்தால் 280 கூட்டு, அதே அளவு குளிர்கால ஆறு மாதத்தில் பெய்தால் எதுவும் கூட்டாதே, இரண்டுக்கும் நடுவே என்றால் 140. வருகிற எண்ணுக்குக் கீழே ஆண்டு மழை (மி.மீ.) இருந்தால் வறண்ட நிலம். அதில் பாதிகூட இல்லையென்றால் பாலைவனம்.

25 டிகிரி உள்ள ஓர் இடத்தில் வருஷத்துக்கு 600 மி.மீ. மழை என்று வை. பரவலாகப் பெய்தால் எல்லை 640. மழை போதவில்லை, இடம் 'பி'. அதே 600-ம் குளிர்காலத்தில் பெய்தால் எல்லை 500-க்கு இறங்கிவிடுகிறது, 'பி' இல்லை. 10 டிகிரி உள்ள இடத்தில் பரவலாகப் பெய்தால் எல்லை 340 தான், 600 அங்கே தாராளம். மழை ஒன்றே, வானம் கொடுத்ததும் ஒன்றே. இதைப் போட்டுப் பார்த்த அன்று நான் சாப்பிட மறந்துவிட்டேன் என்று வீட்டில் புகார்.

குறை இல்லாமல் இல்லை. 18.1 இந்தப் பக்கம், 17.9 அந்தப் பக்கம் என்றால் எந்த மரம் ஒத்துக்கொள்ளும்? 'சி'-க்கும் 'டி'-க்கும் நடுவே, மிகக் குளிர்ந்த மாதத்தின் சராசரிக்கு, கோப்பன் மைனஸ் 3 வைத்தார். பின்னால் வந்தவர்கள் பலர் பூஜ்ஜியம் என்கிறார்கள். நிலநடுக்கோட்டை ஒட்டியிருக்கும் கீட்டோ நகரம் உயரத்தில் இருப்பதால் லண்டன் இருக்கும் 'சி'-யில் வந்து உட்கார்கிறது. 1948-ல் தார்ன்த்வெயிட் என்ற அமெரிக்கக் காலநிலை ஆய்வாளர் வேறு முறை சொன்னார்: மண்ணுக்கு வந்த நீருக்கும் போகக்கூடிய நீருக்கும் கணக்குப் பார். அவர் சொன்னது சரிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் கோப்பனை யாரும் கைவிடவில்லை, அவ்வளவு எளிது.

அப்புறம் ஒன்று. கண்டங்கள் நகர்கின்றன என்று சொன்ன ஆல்ஃபிரட் வெகெனர் கோப்பனுடைய மருமகன். 1924-ல் மாமனாரும் மருமகனும் சேர்ந்து பூமியின் பழங்காலக் காலநிலைகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார்கள். 1930 நவம்பரில் கிரீன்லாந்துப் பனிப்பரப்பின் நடுவிலிருந்து திரும்பும் வழியில் வெகெனர் இறந்துபோனார், 50 வயதில். மிக வெப்பமான மாதம்கூடப் பூஜ்ஜியத்தைத் தாண்டாத இடம், மாமனார் கணக்கில் 'ஈஎஃப்'. கிழவர் 1936-ல், 90-ஐ நெருங்கும்போது, தன் வகைப்பாட்டைத் திருத்தி மறுபடி வெளியிட்டார். அந்த 'ஈஎஃப்' என்ற இரண்டு எழுத்தை அவர் எழுதிய நேரத்தை நினைத்தால் எனக்கு என்னமோ செய்கிறது, ரகு.

பூமி சூடாவதால் இப்போது கோடுகள் நகர்கின்றன, துருவத்தை நோக்கியும் மலையில் மேலேயும். மிக வெப்பமான மாதம் 9.8-லிருந்து 10.1 ஆனால் வரைபடத்தில் அந்த இடம் 'ஈ'-யை விட்டு வெளியே போய்விடும். மரம் அங்கே போய்ச் சேரப் பல பத்தாண்டுகள் ஆகலாம். மரத்தைப் பார்த்து எண்ணை எழுதினார் அவர்; இன்று எண் முன்னால் போகிறது, மரம் பின்னால் வருகிறது. சின்னவளுக்கு 18-க்குப் பதில் சொல்லிவிட்டேன். "அப்போ அந்தக் கோடு இப்ப எங்கே இருக்குப்பா?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

உன் ஊர்க் குளிரைப் பற்றி நான்கு பக்கம் புலம்பியிருந்தாயே, அதெல்லாம் வேண்டாம். 12 மாதச் சராசரி வெப்பநிலை, 12 மாத மழை, மொத்தம் 24 எண்கள் மட்டும் அனுப்பு. பதிலுக்கு உன் ஊர்க் காலநிலையின் குறியாக உனக்கு மூன்று எழுத்து வரும். மூர்த்தியிடம் காட்டாதே.

உன்,
பாலு