மாமாவின் குரல்

ஃபிளாட்புஷ், புரூக்ளின்

அன்புள்ள மலர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பேத்திக்குக் காது குத்திய படத்தைப் பார்த்தேன், அப்படியே உன் அம்மா ஜாடை. உடனே எழுத முடியவில்லை. மாமா போய்விட்டார், மலர். ராத்திரி படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

நீ என் மாமனாரை நேரில் பார்த்ததில்லை. ஹைட்டியில் ஜாக்மெல் என்கிற கடலோர ஊர். சர்வாதிகாரி துவாலியே ஆட்சியில், அடியாள் படையான 'டொன்டொன் மக்கூட்' ஆட்கள் மாமாவுடைய அண்ணனை ஒரு ராத்திரி கூட்டிக்கொண்டு போனார்கள். அண்ணன் திரும்பவேயில்லை. 1969இல் மாமா நியூயார்க் வந்துவிட்டார். ஓட்டலில் பாத்திரம் கழுவினார், ஃபாக்டரிக்குப் போனார். அப்புறம் இருபத்தைந்து வருஷம் மஞ்சள் டாக்ஸி. சொந்த வண்டி இல்லை. ஷிஃப்ட் வாடகையைக் கட்டிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். சவாரி கிடைக்காவிட்டாலும் அந்தப் பணம் போனது போனதுதான். பாதி ராத்திரி வரை வாடகைக்கும் பெட்ரோலுக்கும் ஓட்டுகிறேன், அதற்கப்புறம்தான் உங்களுக்கு என்பாராம். சாயங்காலம் ஐந்து மணிக்குப் போனால் விடிகாலை ஐந்துக்குத்தான் வருவார்.

அவராக லீவு போட்டது ஒரே நாள்தான் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். 1990 ஏப்ரல் 20. எய்ட்ஸைக் காரணம் காட்டி, ஹைட்டிக்காரர்கள் யாருமே ரத்தம் கொடுக்கக் கூடாது என்று அந்த வருஷம் அரசாங்கம் சொல்லிவிட்டது. வகுப்பில் இவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனானாம். மாமா ஒன்றும் பேசவில்லை. பதினேழு வயசுப் பிள்ளையைச் சின்னக் குழந்தை மாதிரி கையைப் பிடித்துக்கொண்டு புரூக்ளின் பாலத்தில் நடந்தார். அந்தத் தடையை எதிர்த்து அன்றைக்கு 50,000 பேருக்கு மேல் நடந்தார்கள். டிசம்பரில் அந்தத் தடையை எடுத்தார்கள். ஓட்டாத வண்டிக்கு மாமா வாடகை கட்டியதை நினைத்தால் எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கிறது.

அவருடைய அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் கேசட்டில் பேசி, ஊருக்குப் போகிறவர்களிடம் பணத்தோடு கொடுத்துவிடுவார். அந்தக் காலத்தில் ஹைட்டிக்காரர்கள் நிறையப் பேர் அப்படித்தான். ஒன்பது நாள் ஜெபம் முடிந்த மறுநாள் அலமாரியை ஒழித்தபோது, பிஸ்கட் டின் நிறைய கேசட். அவர் குரலைக் கேட்கலாம் என்று எல்லோரும் கூடிவிட்டோம். பக்கவாதத்துக்கு அப்புறம் குழறிய குரல்தானே போனில் இருக்கிறது!

போட்டால், கிழவியின் குரல். பின்னால் சேவல் கூவுகிறது. எல்லாமே அங்கிருந்து வந்தவை. மாமா பேசி அனுப்பியதெல்லாம் ஜாக்மெல் வீட்டில் இருந்தது; 2010 நிலநடுக்கத்தில் அந்த வீடே போய்விட்டது. கிழவி சொல்கிற பதிலை வைத்து மாமா என்ன கேட்டிருப்பார் என்று யோசித்தபடி ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தோம். கூரைக்குத் தகரம் வாங்கியாயிற்று என்கிறாள். இருமல் விட்டதா என்கிறாள். ஒன்றில், "ஏன் அழுகிறாய், நான் நன்றாகத்தானே இருக்கிறேன்" என்கிறாள். அவர் அழுது நாங்கள் யாரும் பார்த்ததில்லை, மலர்.

1999இல் எங்கள் கல்யாண வீடியோ கேசட்டை உனக்கு அனுப்பினேனே, ஞாபகம் இருக்கிறதா? விருந்தில் மாமா எழுந்து நின்று அவர்கள் ஊர் மொழியான கிரியோலில் ரொம்ப நேரம் பேசுவார். எங்கள் கேசட் கீழ்த்தளத்தில் தண்ணீர் புகுந்து வீணாகிவிட்டது. உன் வீட்டுப் பரணில் கொஞ்சம் தேடிப் பாரேன். பூஞ்சை பிடித்திருந்தாலும் பரவாயில்லை, தூக்கிப் போட்டுவிடாதே. இங்கே சரிசெய்து தருகிற கடை இருக்கிறது.

உன்,
செல்வி