ஊழியத்தை விட்டுவிட்டேனா?

அன்புள்ள நண்பா,

மாற்றல் ஆர்டர் வந்து புதுச் சேகரத்துக்கு (சபை வட்டாரத்துக்கு) ஆயராகப் போய்விட்டாய் என்று உன் தங்கை சொன்னாள். பார்சனேஜ், அதான் ஆயர் வீடு, எப்படி, தண்ணீர் ஒழுங்காக வருகிறதா, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் அமைந்ததா, எல்லாம் எழுது. அப்புறம், 'ஊழியத்தை விட்டுட்டு குடும்பக் கவுன்சிலிங் படிக்கப் போயிட்டியே' என்று கேட்டிருந்தாய் அல்லவா, சித்தி ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கேட்பாள், அது சரி, நீயுமா?

இங்கே முதலில் எங்கள் சொந்தக் குடும்பத்தையே வரையச் சொன்னார்கள். தலைமுறைகளையும் உறவுகளையும் காட்டும் அந்தப் படத்துக்கு ஜெனோகிராம் என்று பெயர். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், பிணக்கு இருக்கும் இடத்தில் ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கும் கோடு. தாத்தா உபதேசியார், அப்பா உபதேசியார், பெரியப்பா ஆயர், அடுத்து நான். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவே அந்தக் கோட்டைப் போடக் கை கொஞ்சம் கூசியது. எங்கள் வீடு உனக்குத் தெரியாததா? 'அரிசி தீர்ந்துபோச்சுன்னு அப்பாகிட்ட சொல்லு', 'சம்பளம் இன்னும் வரலைன்னு அம்மாகிட்ட சொல்லு', இருவரும் ஒரே அறையில்தான் இருப்பார்கள், தூது மட்டும் நான். குடும்பச் சிகிச்சையின் முன்னோடிகளில் ஒருவரான முரே போவன் இதை முக்கோணம் என்கிறார்; இருவருக்கு நடுவே இறுக்கம் தாங்க முடியாமல் போனால் மூன்றாவது ஆளை இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். என் படத்தைப் பார்த்த சூப்பர்வைசர் அம்மா, 'உங்களைக் கூப்பிட்டது கடவுளா, வீடா?' என்று கேட்டுவிட்டு அடுத்தவர் தாளுக்குப் போய்விட்டார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

இதற்குப் பிறகுதான் என்னிடம் ஆலோசனைக்கு ஒரு குடும்பம் வந்தது (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்). மாமியார், மகன், மருமகள். நான் சபைக்காரன் என்று எப்படியோ தெரிந்துகொண்ட மாமியார், பேச்சு சூடாகும் நேரம் பார்த்து, 'தம்பி, ஒரு ஜெபம் பண்ணி முடிச்சிருங்களேன்' என்றார். கண்ணை மூடுவது எனக்கு எவ்வளவு சுலபம் என்று உனக்குத் தெரியும். நான் மூடாமல், 'இப்போ ஜெபம் பண்ணினா இங்கே யாருக்கு நிம்மதியா இருக்கும், யாருக்கு இருக்காது?' என்று மகனைக் கேட்டேன். இப்படி ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் கேட்பது இத்தாலியில் மிலான் நகரத்துக் குடும்பச் சிகிச்சைக் குழுவினர் வளர்த்த முறை. மகன் வாயைத் திறக்கவில்லை. மருமகள்தான் சொன்னாள்: 'எங்க வீட்ல ஜெபம்னா இனி யாரும் பேசக் கூடாதுன்னு அர்த்தம் சார்.'

டேய், நாம் எத்தனை வீடுகளில் அப்படி 'ஆமென்' சொல்லிவிட்டு டீ குடித்து எழுந்து வந்திருக்கிறோம்!

அன்று இரவு லூக்கா 12ஐ எடுத்துப் படித்தேன். சொத்தைப் பிரித்துத் தரும்படி என் சகோதரனிடம் சொல்லும் என்று ஒருவன் இயேசுவிடம் வந்து நிற்கிறானே, அந்த இடம். பொருளாசைப் பிரசங்கத்துக்குத்தான் நாம் அதை எடுப்போம். இயேசுவோ முதலில், என்னை உங்களுக்குப் பங்கு பிரிக்கிறவனாக வைத்தது யார் என்று கேட்டு நடுவில் நிற்கவே மறுக்கிறார். மார்த்தாளும் அப்படித்தான் வருகிறாள், எனக்கு உதவி செய்யும்படி என் சகோதரி மரியாளிடம் சொல்லும் என்று. மரியாளிடம் அவர் எதுவும் சொல்லவில்லை, மார்த்தாளிடமே பேசுகிறார். சமாதானம் பண்ணுகிறவர்கள் பாக்கியவான்கள் என்று சொன்னவரும் அவர்தான், ஆனால் தூது போவதற்குச் சமாதானம் என்று அவர் பெயர் வைக்கவில்லை.

ஆக, கூப்பிட்டது வீடுதான் என்று வைத்துக்கொண்டாலும் எனக்கு இப்போது பயமில்லை. சிறுவன் சாமுவேலைக் கடவுள் கூப்பிட்டபோது அந்தச் சத்தமும் அவனை வளர்த்த ஆசாரியன் ஏலியின் குரல் மாதிரிதானே இருந்தது.

இன்னொன்று. இந்தப் படிப்பு வெளிநாட்டுச் சரக்கு என்று உன் மாமனார் சொன்னாராமே. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் வளாகத்திலேயே கூடாரம் அடித்து நோயாளிகளின் வீட்டாரைத் தங்கவைத்தார். நம் வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்திலும் நோயாளியோடு வீட்டாரைத் தங்கவைத்துத்தான் சிகிச்சை. அது மிஷன் ஆஸ்பத்திரி. அங்கே வேலை பார்த்தவர்களிடம் ஊழியத்தை விட்டுட்டீங்களா என்று யாராவது கேட்டிருப்பார்களா?

உனக்கு ஆகும் என்று ஒரு பெயர் சொல்கிறேன், எட்வின் ஃப்ரீட்மன். யூத ரபி, போவனிடம் பயின்றவர். சபையும் ஒரு குடும்பம் போலவே இயங்குகிறது, போதகரின் சொந்த வீட்டு இறுக்கம் அங்கேயும் போய் ஒட்டிக்கொள்ளும் என்று எழுதியவர். புதுச் சேகரத்தில் செயலாளரைப் பற்றிச் சொல்லப் பொருளாளரும், பொருளாளரைப் பற்றிச் சொல்லச் செயலாளரும் இதற்குள் தனித்தனியாக வந்து போயிருப்பார்களே, இருவரையும் ஒன்றாக உட்காரவைத்தாயா?

சபை அசன விருந்துக்கு வருவேன், லீவு கேட்டிருக்கிறேன். சித்தியிடம் நீயே எனக்காகப் பேசிவிடாதே, நானே பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய ஹாஸ்டல் கூட்டாளி