மியா மோட்லி: பேச்சு மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கரீபியத் தீவு நாடான பார்படோஸின் பிரதமர் மியா மோட்லி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். 2021 நவம்பரில் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் அவர் பேசிய பேச்சுக்கே பெரும்பகுதி போய்விட்டது. வெப்பம் இரண்டு டிகிரி கூடினால் தீவு நாடுகளுக்கு அது மரண தண்டனை என்று அவர் சொன்னது உலகம் முழுக்கக் கேட்டது, சரி. அந்த மேடைக்கு அவர் வந்து சேர்ந்த வழியை இரண்டே வரியில் முடித்துவிட்டதுதான் எனக்கு வருத்தம்.

1994-இல் எம்.பி. ஆன கையோடு, முப்பது வயதுகூட ஆகாதபோதே கல்வி அமைச்சர். பிறகு அந்நாட்டின் முதல் பெண் அட்டர்னி ஜெனரல், துணைப் பிரதமர். 2008-இல் அவருடைய தொழிலாளர் கட்சி தோற்றபின் எதிர்க்கட்சித் தலைவரானார். 2010-இல் சொந்தக் கட்சி எம்.பி.க்களே அவரை இறக்கிவிட்டு, முன்னாள் பிரதமர் ஓவன் ஆர்தரைக் கொண்டுவந்தார்கள். அவமானம்தான். ஆனாலும் மோட்லி கட்சியை விட்டுப் போகவில்லை. 2013 தேர்தலிலும் கட்சி தோற்க, தலைமை திரும்ப அவரிடமே வந்தது. 2018 மே மாதம் மொத்தமுள்ள 30 தொகுதிகளையும் வென்று நாட்டின் முதல் பெண் பிரதமரானார்.

கஜானா காலி. நாட்டின் ஓராண்டு உற்பத்தியைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேல் கடன். பதவியேற்ற சில நாட்களிலேயே வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்தினார், பன்னாட்டு நாணய நிதியத்திடம் (ஐ.எம்.எஃப்.) போனார். அப்புறம் கடன்காரர்களோடு பேசிப் புதுக் கடன் பத்திரங்கள் போட்டபோது ஒரு நிபந்தனையைச் சேர்க்க வைத்தார். பெரும்புயலோ நிலநடுக்கமோ தாக்கினால் இரண்டு ஆண்டுகளுக்குத் தவணையைத் தள்ளிப்போடலாம். வீடும் படகும் போன நேரத்தில் கையிலிருக்கும் பணம் வட்டிக்குப் போகாமல் மக்களுக்குப் போகும். கிளாஸ்கோ பேச்சுக்கு முன்பே நடந்தது இது. மற்ற ஏழை நாடுகளுக்கும் இந்த வசதி வேண்டும் என்று 2022-இல், உலக நிதி அமைப்புகளை மாற்றக் கோரி அவர் முன்வைத்த பிரிட்ஜ்டவுன் திட்டத்தில் கேட்டார். அடுத்த ஆண்டே உலக வங்கி இதுபோன்ற விதியை ஏற்பதாக அறிவித்தது. மூன்று லட்சம் பேர்கூட இல்லாத ஒரு நாடு இதைச் சாதித்திருக்கிறது! கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை.

புகழ்ந்தே எழுத வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 2022 ஜனவரியில் மறுபடி 30-க்கு 30. ஆளும் கட்சியிலிருந்து யாராவது எதிர்வரிசைக்கு மாறினால்தான் எதிர்க்கட்சித் தலைவர் என்று ஒருவர் இருக்க முடியும் என்ற நிலை. 2018-இல் ஜோசப் ஆத்தர்லியும் 2024-இல் ரால்ஃப் தோர்னும் அப்படித்தான் அந்த நாற்காலிக்கு வந்தார்கள். பிரிட்டிஷ் அரசியின் தலைமையை விலக்கி 2021 நவம்பர் 30-இல் குடியரசான முடிவைக்கூட மக்களிடம் வாக்கெடுப்பு வைக்காமல் நாடாளுமன்றமே எடுத்தது. குடியரசானது எனக்கு மகிழ்ச்சியே. இருந்தாலும் மக்களைக் கேட்டிருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

கரீபியத் தலைவர்களைப் பற்றி நம் பத்திரிகைகளில் எழுதுவதே அபூர்வம். எழுதியதற்கு நன்றி. அந்தக் கடன் பத்திர விதியைப் பற்றி மட்டுமாவது விரிவாக ஒரு கட்டுரை வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், திண்டுக்கல்