வான்போக்குவரத்துக் கருவிகளுக்குத் தனி நிதி ஒதுக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 நவம்பர் 7 அன்று தில்லி விமான நிலையத்தில் 800-க்கும் மேற்பட்ட விமானங்கள் தாமதமாயின. அன்று பழுதானது ரேடாரும் அல்ல, ரேடியோவும் அல்ல. விமான நிறுவனங்கள் அனுப்பும் பயணத் திட்டங்களையும், வானிலைக் குறிப்புகளையும், விமானிகளுக்கான அறிவிப்புகளையும் வாங்கிப் பிரித்து வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரின் திரைக்கு அனுப்பிவைக்கும் தானியங்கிச் செய்தி மாற்று அமைப்புதான் பழுதானது. அது நின்றதும், கணினி நொடியில் செய்த வேலையை ஊழியர்கள் ஒவ்வொரு விமானத்துக்கும் கையால் செய்ய வேண்டியதாயிற்று. ஓடுபாதைகள் திறந்திருந்தும் விமானங்கள் வரிசையில் நின்றதற்கு இதுவே காரணம். தானியங்கி அமைப்புகளின் செயல்திறன் குறைந்துவருவது குறித்துக் கட்டுப்பாட்டாளர் சங்கம் சில மாதங்களுக்கு முன்பே எழுதியிருந்ததாகவும் அப்போது செய்திகள் வந்தன. ஆனால் பயணிகளின் அவதி பேசப்பட்ட அளவுக்கு, அந்தக் கருவிகளுக்கு யார் பணம் தருகிறார்கள், எவ்வளவு தருகிறார்கள், எப்போது தருகிறார்கள் என்பது பேசப்படவில்லை. விமான நிலையத் தகவல் தொடர்புப் பிரிவில் பராமரிப்புப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் அதைப் பற்றியே எழுத விரும்புகிறேன்.

தமிழ்நாட்டில் அண்மையில் திறக்கப்பட்ட முனையங்களை எடுத்துக்கொள்வோம். சென்னையின் புதிய முனையம் 2023 ஏப்ரலில் சுமார் 1,260 கோடி ரூபாயிலும், திருச்சி முனையம் 2024 ஜனவரியில் 1,100 கோடிக்கு மேற்பட்ட செலவிலும், தூத்துக்குடி முனையம் 2025 ஜூலையில் சுமார் 450 கோடியிலும் திறக்கப்பட்டன. மூன்றையும் பிரதமரே நேரில் வந்து திறந்துவைத்தார். இவை தேவையற்றவை என்று நான் சொல்லவில்லை. திருச்சியின் பழைய முனையத்தில் வளைகுடா விமானத்துக்கு நின்றவர்களுக்குப் புதியதன் அருமை தெரியும். ஆனால் ஒரு புதிய ரேடாருக்கு நாடா வெட்ட எந்த அமைச்சரும் வருவதில்லை. அது ஊருக்கு ஒதுக்குப்புறமாக வேலிக்குள் சுற்றிக்கொண்டிருக்கும். அதன் மென்பொருள் மாற்றப்பட்டதா இல்லையா என்பது பயணிக்கு ஒருபோதும் தெரியப்போவதில்லை. பொதுப்பணம் கண்ணுக்குத் தெரிகிற இடத்துக்கே முதலில் ஓடும் என்பது நம் நாட்டின் பழைய வழக்கம். இந்தத் துறையில் அந்த வழக்கத்தைச் சட்டமும் நிதி விதிகளும்தான் தடுக்க வேண்டும்.

இந்தப் பணிகளுக்கான பணம் இப்போது எங்கிருந்து வருகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் வான்வெளியில் பறக்கும் ஒவ்வொரு விமானத்திடமும், அதன் எடையையும் பறக்கும் தூரத்தையும் கணக்கிட்டு இந்திய விமான நிலைய ஆணையம் வழிச் செலுத்தல் கட்டணம் வாங்குகிறது. இந்தியாவில் இறங்காமல் மேலே கடந்து செல்லும் வெளிநாட்டு விமானங்களும் இதைச் செலுத்துகின்றன. இறங்கும் நிலையத்தில் வழிகாட்டும் வசதிகளுக்கு இன்னொரு கட்டணம் உண்டு. விமான நிறுவனம் கட்டும் இந்தத் தொகை கடைசியில் பயணச்சீட்டின் விலையில்தான் வந்து சேர்கிறது. தில்லி, மும்பை விமான நிலையங்கள் 2006-இல் தனியார் நிர்வாகத்துக்குப் போன பிறகும் வான்போக்குவரத்துக் கட்டுப்பாடு ஆணையத்திடமே நீடிக்கிறது. அது சரியான முடிவு. சிக்கல் என்னவென்றால், முனையம் கட்டுவதும் ரேடார் வாங்குவதும் ஒரே நிறுவனத்தின் வேலை. முதலீட்டுத் திட்டமும் ஒன்று. அதற்கு மேல் அந்த நிறுவனம் அரசுக்கு ஈவுத்தொகையும் செலுத்துகிறது. வழிகாட்டும் சேவைக்கென்று வாங்கிய கட்டணத்தில் எவ்வளவு அந்தச் சேவைக்கே திரும்பிப் போயிற்று என்பதை ஒரு சாதாரண வாசகன் ஆண்டறிக்கையைப் படித்துத் தெரிந்துகொள்வது எளிதல்ல.

உடான் திட்டம் இதற்கு இன்னொரு முடிச்சுப் போட்டது. சிறு ஊர்களுக்கு மலிவாக விமானம் விட வேண்டும் என்பதற்காக, அத்திட்டத்தின் விமானங்களுக்கு வழிச் செலுத்தல் கட்டணம் வழக்கமான அளவில் 42.5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. இறங்குமிட வழிகாட்டுக் கட்டணம் முழுவதும் நீக்கப்பட்டது. சேலம் போன்ற ஊர்கள் விமான வரைபடத்தில் இடம்பெற இதுவும் ஒரு காரணம் என்பதால் இந்தச் சலுகையை நான் வரவேற்கிறேன். ஆயினும், சமூக நோக்கத்துக்காக அரசு தரும் சலுகையின் சுமையை வழிகாட்டும் சேவையின் வருவாயில் ஏற்றிவிட்டு, அதே சிறு ஊர்களில் புதிய கருவிகளும் பொருத்த வேண்டும் என்று எதிர்பார்ப்பது எந்தக் கணக்கிலும் சேராது. சலுகையைக் கொடுப்பது அரசின் கொள்கை என்றால், ஈடுகட்ட வேண்டியதும் மத்திய நிதிநிலை அறிக்கைதான்.

கருவி தாமதமாக வந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே மிகக் கொடிய சான்று இருக்கிறது. 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்க்கி தாத்ரி அருகே சவுதி அரேபிய விமானமும் கஜகஸ்தான் விமானமும் நடுவானில் மோதி 349 பேர் இறந்தனர். தில்லியிலிருந்து ஏறிய விமானத்துக்கு 14,000 அடியும், இறங்கிவந்த விமானத்துக்கு 15,000 அடியும் ஒதுக்கப்பட்டிருந்தன. இறங்கி வந்தது தன் உயரத்தை மீறிக் கீழே வந்தது. நீதிபதி லஹோத்தி தலைமையிலான விசாரணை கஜகஸ்தான் விமானக் குழுவையே பொறுப்பாக்கியது. ஆனால் அன்று தில்லிக் கட்டுப்பாட்டாளரின் முன்னே இருந்த முதன்மை ரேடார் விமானங்களை வெறும் புள்ளிகளாக மட்டுமே காட்டியது. எந்தப் புள்ளி எந்த உயரத்தில் இருக்கிறது என்பதை விமானியிடம் ரேடியோவில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். விமானி சொல்வதை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. உயரத்தையும் விமானத்தின் அடையாளத்தையும் திரையிலேயே காட்டும் இரண்டாம் நிலை ரேடார் அங்கே அப்போது பயன்பாட்டுக்கு வந்திருக்கவில்லை. ஏறும் வழியும் இறங்கும் வழியும் ஒன்றாக இருந்தது இன்னொரு குறை. இரண்டும் விபத்துக்குப் பிறகு மாற்றப்பட்டன. மோதல் தவிர்ப்புக் கருவியும் விமானங்களில் கட்டாயமாக்கப்பட்டது. விபத்துக்குப் பிறகு விரைந்து கிடைக்கும் நிதி, விபத்துக்கு முன்பு கோப்பில் கிடக்கும் நிதியைவிட எப்போதும் விலை அதிகமானது.

தமிழ் வாசகர்களுக்கு நேரடியாகத் தொடர்புள்ளது சென்னை வான்பகுதி. இந்தியா பொறுப்பேற்றிருக்கும் வான்வெளி ஏறத்தாழ 28 லட்சம் சதுர கடல் மைல். அதில் பாதிக்கும் மேல் கடலின் மீதுதான் இருக்கிறது. வங்கக் கடலின் பெரும்பரப்பு சென்னைக் கட்டுப்பாட்டு மையத்தின் கையில் உள்ளது. சென்னையிலிருந்து ஸ்ரீ விஜயபுரத்துக்கு, அதாவது பழைய போர்ட் பிளேருக்குப் போகும் விமானம் கரையிலிருந்து சுமார் 250 கடல் மைல் தாண்டியதும் கரையோர ரேடாரின் கண்ணிலிருந்து மறைகிறது. பூமியின் வளைவு காரணமாக வழக்கமான ரேடியோவும் அதற்கப்பால் சரிவரக் கேட்காது. முன்பெல்லாம் இரைச்சல் நிறைந்த உயர் அலைவரிசை ரேடியோவில் விமானி தன் இடத்தைச் சொல்ல, கட்டுப்பாட்டாளர் அதைக் குறித்துக்கொண்டு, விமானங்களுக்கிடையே பெரிய இடைவெளி விட்டு அனுப்பினார். பிறகு செயற்கைக்கோள் வழியே எழுத்துச் செய்தி அனுப்பும் முறையும், விமானம் தன் இடத்தைத் தானே தெரிவிக்கும் முறையும் வந்தன. தரையில் ரேடார் உள்ள இடத்தில் 5 கடல் மைல் இடைவெளி போதும் என்றால், கடலின் மீது அது 50 கடல் மைலாகவும் அதற்கு மேலும் இருந்தது. இடைவெளி அதிகமானால் எரிபொருள் மிச்சமாகும் உயரத்தில் ஒரே நேரத்தில் பறக்கக்கூடிய விமானங்கள் குறையும், எரிபொருள் செலவு கூடும். கடற்பரப்பின் கண்காணிப்புக்குச் செய்யும் செலவில் ஒரு பங்கு எரிபொருள் சேமிப்பாகத் திரும்பிவரும் என்பதைக் கணக்குப் போடுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். 2014 மார்ச் 8 அன்று 239 பேருடன் மறைந்த மலேசிய விமானத்துக்குப் பிறகு, கடலின் மீது விமானம் எங்கே என்று தெரியாமல் இருப்பதை உலகம் ஏற்றுக்கொள்ளத் தயாராக இல்லை.

செயற்கைக்கோள் வழி வழிகாட்டலில் நாம் பின்தங்கியவர்கள் அல்ல. இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து 774 கோடி ரூபாயில் உருவாக்கிய, ஜிபிஎஸ் சமிக்ஞையின் பிழையைத் திருத்தித் தரும் ககன் அமைப்பு 2015-இல் துல்லிய வழிகாட்டலுக்கான சான்று பெற்றது. நிலநடுக்கோட்டுக்கு அருகே, மின்னேற்றத் துகள்கள் நிறைந்த மேல்வளி அடுக்கான அயனிமண்டலம் ஜிபிஎஸ் சமிக்ஞையை அலைக்கழிக்கும். அந்தத் தொல்லையைச் சமாளித்து இப்பகுதியில் இயங்கும் முதல் அமைப்பு அது. விலை உயர்ந்த தரைக் கருவிகள் இல்லாத சிறு நிலையத்திலும் அதன் துணையோடு தாழ்ந்த மேகத்துக்கு நடுவே இறங்க முடியும். 2022 ஏப்ரலில் ராஜஸ்தானின் கிஷன்கரில் ஏடிஆர் வகைச் சிறிய பயணிகள் விமானம் ஒன்று அப்படித்தான் இறங்கியது. சான்று கிடைத்ததற்கும் இந்த இறக்கத்துக்கும் நடுவே ஏழு ஆண்டுகள் ஓடிவிட்டன. 2019 முதல் பதிவாகும் விமானங்களில் இதற்கான பெறும் கருவி கட்டாயம் என்று 2016-ஆம் ஆண்டுக் கொள்கை சொன்னது. பிறகு அந்தக் கெடு தள்ளிப்போடப்பட்டது. நம் நிறுவனங்களின் பெரும்பாலான ஜெட் விமானங்களில் இன்றும் அது இல்லை. ஆகவே வானத்திலும் தரையிலும் பொதுப்பணம் போட்டால் போதாது. விமானத்துக்குள் கருவி, ஒவ்வொரு ஓடுபாதைக்கும் இறங்கும் முறை வரைவு, விமானிக்கும் கட்டுப்பாட்டாளருக்கும் பயிற்சி ஆகிய எல்லாம் ஒரே திட்டத்தில், ஒரே கால அட்டவணையில் வர வேண்டும்.

அதற்காகப் பழைய தரைக் கருவிகளைக் கழற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் அதை ஒப்புக்கொள்ள முடியாது. அமிர்தசரஸ், ஜம்மு எல்லைப் பகுதிகளில் மட்டுமின்றி, தில்லியிலும் பொய்யான ஜிபிஎஸ் சமிக்ஞைகள் விமானங்களைக் குழப்பியதை அரசே நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டது. அப்படிப்பட்ட நேரத்தில் கைகொடுப்பவை திசை காட்டும் விஓஆர், தூரம் காட்டும் டிஎம்இ, ஓடுபாதையில் இறங்க வழிகாட்டும் ஐஎல்எஸ் போன்ற பழைய தரைக் கருவிகளே. புதியதை வாங்கும்போதே பழையதைக் குறைந்தபட்ச அளவில் பராமரிக்கவும் பணம் வேண்டும் என்பது நிதித் துறைக்குப் பிடிக்காத உண்மை.

பராமரிப்பு என்றால் என்ன என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஐஎல்எஸ் கருவியில் இறங்கும் சரிவைக் காட்டும் கிளைடு பாத் பகுதி, தன் முன்னால் உள்ள தரையில் பட்டுத் திரும்பும் அலைகளையும் சேர்த்துத்தான் சரியான கோணத்தை உருவாக்குகிறது. அந்தத் தரையில் மழைநீர் தேங்கினாலோ, புல் அளவுக்கு மீறி வளர்ந்தாலோ கோணம் பிசகும். கண்காணிப்புக் கருவி அதைக் கண்டுபிடித்து முழு அமைப்பையும் அணைத்துவிடும். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், கோடிக்கணக்கில் வாங்கிய கருவி ஒரு மழைக்காலத்தில் புல் வெட்டும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாததால் அடிக்கடி அணைந்தது. வருகைக் கூடத்தின் சுவர் ஓவியத்துக்கான ஒப்பந்தம் மட்டும் அப்போது காலத்தில் முடிந்திருந்தது. மின்சுற்றுக் கார்டு ஒன்று பழுதானால் அதற்கான உதிரி இன்னொரு நிலையத்திலிருந்து கடனாக வரும்வரை காத்திருப்போம். அளவீட்டு விமானம் வந்து, அணுகுபாதையில் மீண்டும் மீண்டும் பறந்து சரிபார்த்தால்தான் கருவி தொடர்ந்து இயங்கலாம். அந்தத் தேதி தவறினால் நல்ல கருவியும் பயன்படாது. மூலதனச் செலவுக்குப் பணம் கிடைப்பது ஓரளவு எளிது. புல், மின்கலம், உதிரி பாகம், பயிற்சி ஆகிய வருவாய்ச் செலவுகளுக்குத்தான் கை இறுகுகிறது.

கட்டணத்தை மட்டும் நம்பியிருக்கலாம் என்பவர்கள் கனடாவைக் காட்டுவார்கள். அங்கே 1996-இல் வான்வழிச் சேவை 150 கோடி கனடிய டாலருக்கு லாப நோக்கமற்ற நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைக்கப்பட்டது. அது பெரும்பாலும் நன்றாகவே நடந்தது. ஆனால் கொரோனா காலத்தில் விமானங்கள் நின்றதும் வருவாய் சரிந்து, 2020-இல் அந்த நிறுவனம் கட்டணத்தைச் சுமார் 30 விழுக்காடு உயர்த்த வேண்டியதாயிற்று. நம் நாட்டிலும் 2020 மார்ச் 25 முதல் மே 24 வரை உள்நாட்டுப் பயணிகள் விமானம் ஓடவில்லை. ஆனாலும் சரக்கு விமானங்களுக்காகவும் மருந்து கொண்டுவந்த விமானங்களுக்காகவும் கட்டுப்பாட்டு மையங்கள் இரவும் பகலும் திறந்திருந்தன. போக்குவரத்து குறைந்தாலும் குறையாத செலவு இது. மறுபக்கம், அமெரிக்காவில் ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தின் இழுபறியில் நிதி சிக்கியதன் விளைவையும் பார்த்தோம். அங்குள்ள அரசுத் தணிக்கை அலுவலகம் 2024-இல், 138 கட்டுப்பாட்டு அமைப்புகளில் 51 நீடித்து இயங்க முடியாதவை என்றும், மேலும் 54 அந்நிலைக்குச் செல்லக்கூடியவை என்றும் அறிவித்தது. 2025 ஏப்ரலில் நியூயார்க் அருகேயுள்ள நூவர்க் விமான நிலையத்துக்கான ரேடாரும் ரேடியோவும் சுமார் 90 விநாடிகள் அற்றுப்போயின. அதன் பின் ஜூலையில் ஒரே தடவையாக 1,250 கோடி டாலர் ஒதுக்கினார்கள். இரண்டு நாடுகளின் அனுபவமும் ஒன்றையே காட்டுகிறது: கட்டணமும் வேண்டும், கட்டணம் வற்றும்போது தாங்கும் பொதுநிதியும் வேண்டும், இரண்டும் பல ஆண்டுகளுக்கு முன்கூட்டியே உறுதியாக வேண்டும்.

எனவே மத்திய அரசிடம் கேட்க வேண்டியவை தெளிவானவை. வான்வழிச் சேவையின் வரவையும் செலவையும் விமான நிலையக் கட்டுமானத்திலிருந்து பிரித்துத் தனிக் கணக்காக வெளியிட வேண்டும்; வழிச் செலுத்தல் கட்டணத்தின் உபரி ஈவுத்தொகையாகப் போகாமல் பழைய கருவிகளை மாற்றுவதற்கான ஒரு நிதியில் சேர வேண்டும். உடான் சலுகை, கடற்பரப்புக் கண்காணிப்பு, தேடுதல் மீட்புப் பணி, ககன் பயன்பாட்டை விரிவாக்கும் செலவு ஆகியவற்றை விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் மானியக் கோரிக்கையில் தனித் தலைப்பாகக் காட்ட வேண்டும். கட்டுப்பாட்டாளர் பற்றாக்குறையை நாடாளுமன்றக் குழுவே 2025-இல் சுட்டிக்காட்டிவிட்டதால் அதைப் பற்றி நான் நீட்டவில்லை. கருவியின் முன்னே அமர ஆள் இல்லையென்றால் மற்றதெல்லாம் வீண் என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல.

பரந்தூர் விமான நிலையம் குறித்து விவாதம் நடந்துவரும் இந்த நேரத்தில், நிலம், இழப்பீடு, முனையத்தின் வடிவம் ஆகியவற்றோடு இன்னொரு கேள்வியையும் தமிழ்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்கள் அவையில் எழுப்ப வேண்டும். அருகருகே அமையும் சென்னை, பரந்தூர் நிலையங்களுக்கும் விமானப் படையின் தாம்பரம் தளத்துக்கும் சேர்த்து வான்வழிகளை மறுபடி வரையவும், அதற்கான ரேடார், தானியங்கி அமைப்பு, மாற்று மையம் ஆகியவற்றை நிறுவவும் எவ்வளவு தொகை மதிப்பிடப்பட்டிருக்கிறது, அது எந்த ஆண்டின் நிதிநிலை அறிக்கையில் வரும் என்று அமைச்சரிடம் எழுத்துவழி விடை கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தகவல் தொடர்புப் பொறியாளர்,
திருச்சிராப்பள்ளி.