கேபினில் கேட்ட ராஜா

ஆசிரியருக்கு வணக்கம்.

இளையராஜாவின் பின்னணி இசை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். முதலில் ஒரு திருத்தம். அவருடைய ஐந்து தேசிய விருதுகளும் பின்னணி இசைக்கே கிடைத்தவை என்பதுபோல் எழுதியிருக்கிறீர்கள். 'சாகர சங்கமம்' (நம்மூரில் 'சலங்கை ஒலி'), 'சிந்து பைரவி', 'ருத்ரவீணா' மூன்றும் இசையமைப்புக்கான விருதுகள். பின்னணி இசைக்கென்று தனியாக வந்தவை 'பழசிராஜா'வும் 'தாரை தப்பட்டை'யும்தான்.

அது சின்ன விஷயம். கட்டுரை முழுக்கப் பாராட்டாகவே போனதுதான் உறுத்தியது. நானும் ராஜா ரசிகன்தான். எண்பதுகளிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் எங்கள் ஊர் தியேட்டரில் ஆபரேட்டராக இருந்தவன். மற்றவர்கள் பிடித்த படத்தை மூன்று தடவை பார்ப்பார்கள். நான் நாளைக்கு நாலு காட்சி, படத்தைத் தூக்குகிற வரைக்கும் கேட்பேன். கேட்பேன் என்றுதான் சொல்ல வேண்டும். புரொஜெக்டர் விளக்கில் எரியும் கார்பன் குச்சியைக் கவனித்துக்கொண்டும் அடுத்த ரீலை மாட்டிக்கொண்டும் இருப்பவனுக்குப் படம் ஆபரேட்டர் கேபினின் சதுர ஓட்டை வழியாகத் துண்டு துண்டாகத்தான் தெரியும். மானிட்டர் ஸ்பீக்கரில் சத்தம் மட்டும் விடாமல் வந்துகொண்டிருக்கும்.

அப்படிக் கேட்டதில் அவருடைய பெரிய பலமாக எனக்குத் தெரிந்தது, பாட்டு மெட்டைப் படம் நெடுகக் கையாளும் விதம். 'நாயகன்' ஓடியபோது திரையைப் பார்க்காமலே கதை எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். 'தென்பாண்டிச் சீமையிலே' எந்தக் கோலத்தில் வருகிறது என்று கேட்டாலே போதும். 'தளபதி'யில் அம்மாவும் மகனும் ஒருவரையொருவர் அறியாமல் இருக்கும்போதே 'சின்னத்தாயவள்' மெட்டு இரண்டு பேரையும் சேர்த்துவிடும். அவர்களுக்கு முன்னால் நமக்குத் தெரிந்துவிடுகிறது. படம் வருவதற்கு முன்பே ரேடியோவிலும் டீக்கடை கேசட்டிலும் ஊறிப்போன மெட்டு என்பதால், புல்லாங்குழலில் இரண்டு வரி வந்தாலே ஜனங்களுக்குப் புரிந்துவிடும். பாட்டுள்ள சினிமாவுக்குப் பாட்டையே கருவியாக்கிய மூளை அது.

இனி குறை. ராஜாவுக்குச் சும்மா இருக்கத் தெரியும். ஆனால் பல படங்களில் இருக்கவில்லை. கதாநாயகியின் கண்ணில் நீர் கோப்பதற்குள் வயலின்கள் அழத் தொடங்கிவிடும். நகைச்சுவைக் காட்சி இன்னும் மோசம். ஒருவன் வழுக்கி விழுந்தால் அதற்கொரு சத்தம், முழித்தால் இன்னொரு சத்தம். முதல் காட்சியில் சிரிப்பு வரும். நாலாவது காட்சியில் ஸ்பீக்கரைத் திருகி அணைத்துவிடலாமா என்றிருக்கும். ரீலைப் போட்டுப் பார்த்து, அங்கேயே நோட்ஸ் எழுதி, எதிரே உட்கார்ந்திருக்கும் வாத்தியக்காரர்களிடம் கொடுத்து வாசிக்க வைப்பது யாருக்கும் லேசில் வராத வித்தை. ஆனால் வருஷத்துக்கு நாற்பது படம் அப்படிச் செய்தால் சண்டைக் காட்சிகளெல்லாம் ஒன்றுபோல் ஆகத்தான் செய்யும். ஓடுவது இந்த வாரப் படமா போன வாரப் படமா என்று எனக்கே குழம்பியிருக்கிறது. எண்பதுகளின் பின்பாதியில் கீபோர்டு ஒலிகள் அதிகமானது இன்னொரு நஷ்டம். 'மூடுபனி' காலத்து வயலின்கள் இன்றும் புதுசாக இருக்கின்றன. அந்தக் கீபோர்டு ஒலிகள் அப்போதே பழசாகிவிட்டன.

'மோசமான படத்துக்கு அவர் என்னதான் செய்வார்' என்று கேட்கிறது உங்கள் கட்டுரை. எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. மோசமான படங்களுக்கு அவர் அளவுக்கு மீறிச் செய்தார். இயக்குநர் கட்டாமல் விட்ட காட்சியை இசையால் முட்டுக்கொடுத்தார். இயக்குநர்கள் மகேந்திரனும் பாலு மகேந்திராவும் காட்சியில் இடம் விட்டார்கள், இவரும் அந்த இடத்தை மதித்தார். பாலு மகேந்திராவின் 'வீடு' எங்கள் ஊருக்கு வரவேயில்லை. பின்னால் டிவியில்தான் பார்த்தேன். அதற்கென்று ராஜா தனியாக இசையமைக்கக்கூட இல்லை. அவருடைய 'ஹவ் டு நேம் இட்' இசை ஆல்பத்திலிருந்து வேண்டியதை மட்டும் எடுத்துப் பயன்படுத்தினார் இயக்குநர். எங்கே வரவேண்டும், எங்கே கூடாது என்று இன்னொருவர் முடிவு செய்தபோது அதே இசை எவ்வளவு கச்சிதமாக நிற்கிறது! மற்ற இயக்குநர்களில் எத்தனை பேர் ராஜாவிடம் போய் 'இந்த இடத்தில் வேண்டாம்' என்று சொல்லியிருப்பார்கள்?

2013-ல் வந்த 'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்' படத்தில் பாட்டே கிடையாது. டைட்டிலில் 'பின்னணி இசை' என்று போடாமல் 'முன்னணி இசை' என்று போட்டார்கள். மரியாதையாகச் செய்ததுதான். அந்த இசையைத் தனியாகக் கேட்டால் இன்றும் சிலிர்க்கிறது. படத்தோடு பார்க்கும்போது, ராத்திரி நகரத்தின் நிசப்தமே பயமுறுத்தியிருக்க வேண்டிய சில இடங்களில் வயலின்கள் முன்னால் வந்து நிற்கின்றன. என் புகாரும் அந்த 'முன்னணி' பற்றித்தான்.

இப்படிக்கு,
ஒரு பழைய தியேட்டர் ஆபரேட்டர்,
விருதுநகர் மாவட்டம்.